மணலில் வறுத்த சிறகு

தாச்சிச் சட்டியில் மணல் சூடேறுகிறது. றம்லா குந்தியிருந்து கிளறுகிறாள். ஒரு கை அகப்பையோடு சுழல, மறு கை மண்ணெண்ணெய் அடுப்பின் திருகை விட்டு விலகாமல் நிற்கிறது. நெருப்புக் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. மெல்லிய மரச்சீவல் ஒன்றைச் சாமணத்தால் பிடித்து, அதன் ஓரத்தை மட்டும் மணலுக்குள் செருகுகிறாள். வாய்க்குள் எதையோ முணுமுணுத்து முடித்ததும் வெளியே எடுக்கிறாள். செருகிய ஓரம் பிளேன்ரித் தேநீர் நிறத்துக்குக் கறுத்து, போகப்போக வெளிறி, மறு ஓரத்தில் பழைய மஞ்சள் வெள்ளையாகவே இருக்கிறது. ஓர் இறகுக்கு நிழல் விழுந்தாயிற்று. இனி அடுத்தது.

"ராத்தா, கச்சான் ஆச்சா?"

மேலே படகின் தளத்தில் வார்னிஷ் தூரிகையோடு நிற்கும் அஷ்ரப்தான் கேட்கிறான். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் கச்சான் என்று பெயர். அதை மணலில் போட்டுத்தான் வறுப்பார்கள். அஷ்ரப் மூன்று பிள்ளைகளின் தகப்பன், ஆனால் வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

"ஆகல்ல. உன்ட நாக்கையும் போட்டு வறுத்தாத்தான் ஆகும். இறங்கி வா."

அவன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து நீட்டுகிறான். உள்ளே உண்மையான கச்சான். "ரெண்டு தின்னுங்களன்." றம்லாவின் முகம் சட்டென்று மாறுகிறது. "அதைக் கிட்டக் கொண்டு வராத சொல்லிட்டன்!" என்று ஒரு சத்தம் போடுகிறாள். விளையாட்டுச் சத்தமில்லை அது. அஷ்ரப் சுருளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறான். நாளைக்கும் நீட்டுவான். நாளைக்கும் அவள் கத்துவாள்.

கச்சானோடு அவளுக்கு அப்படி என்ன பகை என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதென்றால் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருகோணமலை உட்துறைமுகத்தின் கரையில் தகரக் கூரை போட்ட வாடி அது. பழைய பாய்ப்படகுகளைக் கரையேற்றி, உளுத்ததைக் கழற்றி, புதியதைப் பூட்டி, மறுபடி தண்ணீரில் விடுகிற இடம். இப்போது கூரைக்கு வெளியே, திறந்த வெளியில் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்பது 'எஸ்தர்'. எங்கோ தொலைதேசத்தில் யாரோ பணக்காரருக்காகக் கட்டப்பட்டு, கைமாறிக் கைமாறி, கடைசியில் சீனக்குடாச் சேற்றில் சரிந்து கிடந்த படகு. கொழும்பிலிருக்கும் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் அதைப் பார்த்த கணத்தில் மனதைப் பறிகொடுத்துவிட்டார். வாடியில் எல்லோருக்கும் அவர் 'சேர்'. நல்ல மனிதர். அவசரக்காரர் என்பதுதான் ஒரே குறை.

எஸ்தரின் உள்ளறையில் இரட்டைக் கதவு ஒன்று உண்டு. தேக்குப் பலகையில் வேறு மரங்களை வெட்டிப் பதித்து, கதவுக்கு ஒன்றாக இரண்டு ஆலாப் பறவைகள். கோட்டியாறு விரிகுடாவில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பின்னால் கத்திக்கொண்டு பறக்குமே, அதே ஆலா. கறுத்த தலை, மஞ்சள் சொண்டு. கதவைச் சாத்தினால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். இடக்கதவு தப்பியிருந்தது. வலக்கதவைக் கறையான் தின்றுவிட்டது. பறவை இருந்த இடத்தில் ஒரு கால் மட்டும் மிச்சம்.

றம்லா இந்த வேலைக்காக வந்தவளே இல்லை. கிண்ணியாவில் அவள் தையற்காரி. பாடசாலைச் சீருடை, கலியாணச் சட்டை, பெருநாள் நெருங்கினால் மூச்சுவிட நேரமில்லாத கூட்டம். எஸ்தரின் இருக்கைகளுக்கு மெத்தை உறை தைக்க அழைத்திருந்தார்கள். அளவெடுக்க உள்ளே போனவள் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அளவு நாடா கழுத்தில் தொங்குகிறது, ஆள் அசையவில்லை. அந்தப் பறவையைச் செய்யவென்று முதலில் பேசியிருந்த தச்சர் கட்டாருக்கு விமானம் ஏறிவிட்டிருந்தார்.

"இதை நான் செய்யிறன்," என்றாள்.

படகுத் தச்சர்களின் தலைமை ஓடாவி தனஞ்சயன் சிரித்தார். திருகோணமலை நகரத்து மனிதர், வாடியில் மரம் என்றால் அவர் சொல்வதுதான் சட்டம். "தங்கச்சி, இது துணியில்லை."

"துணி எண்டாப் பிழைச்சாப் பிரிச்சுத் தைக்கலாம் அண்ணன். இது பிழைச்சா அடுப்புக்குத்தான். அது தெரிஞ்சுதான் கேக்கிறன்."

ஒரு சின்னக் கழிவுப் பலகையைக் கொடுத்து, "ஒரு இலையைப் பதிச்சுக் காட்டும் பாப்பம்," என்றார். அடுத்த கிழமை அவள் கொண்டுவந்து வைத்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. சேருக்குத் தொலைபேசி எடுத்து, "ஆள் கிடைச்சிட்டுது, நான் பொறுப்பு," என்று சொன்னார்.

அவள் மரத்தையும் துணியாகத்தான் பார்க்கிறாள். இடப்பக்கத்து ஆலாவின் மேல் மண்ணிறத் தாளை வைத்து உருவெடுத்து, அதைப் புரட்டி வலப்பக்கத்துக்கு வெட்டினாள். சிறகுக்குக் 'கை' என்று பெயர் வைத்திருக்கிறாள். "வலக்கை வெட்டியாச்சு, இனி வயிறு," என்பாள். மர ரேகைக்கு 'நேர்நூல்'. வெள்ளை உடம்புக்கு வெளிறிய முதிரை, தலைக்குக் கருங்காலி, சொண்டுக்குப் பலா. பலாவின் மஞ்சளைப் பார்த்ததும், "சாயம் போடாமலே சொண்டு!" என்று கைகொட்டிச் சிரித்தாளாம். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்வாள். பாதியில் யாராவது கதை கொடுத்தால் அறுக்கிற வாளை வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்வாள். கதை கொடுத்தவருக்கு அன்றைக்கு நல்ல பார்வை ஒன்று கிடைக்கும்.

இன்னொரு பழக்கம் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பொருத்து சரியா என்று விரலால் தடவிப் பார்க்கமாட்டாள், கன்னத்தை வைத்துத் தேய்ப்பாள். "இஸ்திரிக்கைப் பெட்டி சுட்டுச் சுட்டு விரல் செத்துப்போச்சு. கன்னம் இன்னும் உசிரோட இருக்கு," என்பாள். கண்ணை மூடிக்கொண்டு பலகையில் கன்னம் வைத்திருக்கும் அவளைக் கண்டு, புதிதாக வந்த மின்வேலைக்காரர் ஒருவர் மயங்கிவிட்டாள் என்று தண்ணீர் கொண்டு ஓடியதும் உண்டு.

இனிக் கச்சானுக்கு வருவோம்.

சிறகு சிறகாகத் தெரிய வேண்டுமானால் ஒவ்வோர் இறகுக்கும் ஓரத்தில் நிழல் வேண்டும். தீட்டினால் வார்னிஷில் கரையும், நெருப்பில் காட்டினால் கரியும். சூடான மணலில் செருகினால்தான் நிழல் மெல்ல மெல்ல ஏறும் என்று தனஞ்சயன் சொல்லிக் கொடுத்தார். றம்லா முதலில் எதிரே இருந்த கரை மணலை அள்ளிப் போட்டாள். சிப்பித் தூளும் கல்லுமாக ஒரு பக்கம் சுட்டது, ஒரு பக்கம் சுடவில்லை. அவளுக்கு உடனே ஒரு யோசனை. நகரத்துக் கடற்கரையில் வருசக்கணக்காகக் கச்சான் வறுக்கிற நல்லம்மாவிடம் போனாள். நல்லம்மாவின் மணல் மாவுபோல, கறுத்து, எந்தப் பக்கமும் ஒரே சூடாக இருக்கும்.

"கச்சான் வேண்டாம், மண்ணைத் தாங்க அக்கா."

நல்லம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மண் தின்னிற வயசே உனக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு பால்மாத் தகர ரின் நிறையக் கொடுத்தாள்.

அருமையான மணல்! இறகுகள் வடிவாகக் கறுத்தன. ஒட்டி, இறுக்கி, காயவிட்டு, இழைத்து, வார்னிஷ் பூசிக் கதவை அதன் இடத்தில் பூட்டியபோது வாடியே வந்து பார்த்தது. தனஞ்சயன், "பழையதும் புதுசும் ஆர் பிரிக்கிறது?" என்று பெருமைப்பட்டார். றம்லா அன்றைக்குப் பேருந்தில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பறந்த ஆலாவைப் பார்த்து, "உன்னைவிட வடிவு," என்று சொன்னாளாம். அவளே சொன்ன கதை.

ஒரு சின்னத் தூறல் வந்தது. ஒரே ஒரு தூறல். காலையில் வந்து பார்த்தால் சிறகு முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெள்ளை பூத்திருக்கிறது. இறகுகள் ஓரம் சுருண்டு, வெயிலில் காய்கிற கருவாடுபோல எழும்பி நிற்கின்றன. அன்றைக்கென்று சேரும் வந்து நின்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "பரவாயில்லை," என்றார். "கொழும்பில மெசினால வெட்டித் தருவாங்க. இடப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புறன். வாடைக் காத்துக்கு முதல் நான் புறப்பட வேணும்." தனஞ்சயன் தலை குனிந்துகொண்டார். பொறுப்பு என்று சொன்னவர் அவர்தானே.

றம்லா அழுதாள். ஒளித்துக்கொண்டு அழவில்லை, எல்லோருக்கும் முன்னால், சாமணத்தைக் கையில் பிடித்தபடியே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிய இறகு ஒன்றைக் கழற்றி எடுத்து, தன் மண்ணிறத் தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பசையில் பிழையா, மரத்தில் பிழையா என்று வழி முழுக்க யோசனை. முதிரைதான் பிழை என்றால் வயிறும் அல்லவா எழும்பியிருக்க வேண்டும்? அதே முதிரை, அதே பசை, வயிறு அசையாமல் இருக்கிறது. மணலுக்குள் போன துண்டுகள்தான் எழும்பின.

காலையில் தாளைப் பிரித்தாள். இறகு கிடந்த இடத்தில் தாள் கண்ணாடிபோல ஊடு தெரிந்தது. எண்ணெய்! கச்சான் சுற்றிய தாளில் தெரியும் அதே எண்ணெய்க்கறை. வருசக்கணக்காகக் கச்சானும் உப்புத் தண்ணீரும் குடித்த மணல் அது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை எப்படிப் பிடிக்கும்? உப்பு ஏறிய மரம் ஈரத்தை இழுக்காமல் என்ன செய்யும்? நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்து, இந்தக் கடற்கரையில் கச்சான் தின்று வளர்ந்தவர்களைத் தவிர வேறு எவரும் இந்தப் பிழையைச் செய்திருக்கமாட்டார்கள்.

நல்லம்மாவிடமும் போய்ச் சொன்னாள். நல்லம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "என்ர மண்ணில ஒரு பிழையும் இல்லை பிள்ளை. நீ கச்சானைப் போட்டிருக்க வேணும்."

அன்றைக்கே சேருக்குத் தொலைபேசி எடுத்தாள். "சேர், பிழை எங்க எண்டு கண்டுபிடிச்சிட்டன். திருப்பிச் செய்யிறன்."

"கொழும்புக்குச் சொல்லியாச்சே றம்லா."

"வரட்டும் சேர். வந்து இருக்கட்டும். நீங்க புறப்பட முதல் ஒரு மழை வரும்தானே? அந்த மழையை என்ட பறவை தாங்கினா அதை வையுங்க. தாங்காட்டி அவங்கட பறவையை நானே என்ட கையால பூட்டித் தாறன். பிறகு மெத்தையோட நிக்கிறன், மரத்தைத் தொடமாட்டன்."

சேர், "சரி, ஒரு மழை," என்றார்.

கொழும்புப் பலகை சொன்னபடி வந்தது. தனஞ்சயன் ஒருமுறை பிரித்துக் காட்டினார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பொருத்துகள் மயிரிழை. "வடிவாத்தான் இருக்கு," என்று றம்லாவே ஒப்புக்கொண்டாள். திரும்பச் சுற்றி, அவள் வேலைசெய்கிற இடத்துக்கு எதிரேயுள்ள தூணில் சாத்தி வைக்கச் சொன்னாள். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "நான் நிமிரேக்க எல்லாம் அது என்னைப் பாக்க வேணும்," என்றாள். பிடிவாதம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது அவள் தாச்சியில் கிளறுவது ஆற்று மணல். கிண்ணியா வீட்டில் அறை ஒன்று கட்டி மிஞ்சிய மகாவலி மணல். அரித்து, கழுவி, வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி கழுவி, வெயிலில் காயவைத்தது. தாச்சியும் புதிது. பழைய தாச்சியில் ஒருநாள் மீன் பொரித்தது ஞாபகம் வந்ததும் அதைக் குசினிக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். மரத்தைத் தொடுமுன் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறாள். கச்சான் தின்பதில்லை. தின்றவர்களையும் கிட்டே விடுவதில்லை.

சிறகு முடிந்தது. ஈரச்சாக்கால் மூடினாள், வெயிலில் வைத்தாள், மறுபடி மூடினாள். சாக்கை எடுக்கும்போதெல்லாம் கன்னம் வைத்துப் பார்த்தாள். எழும்பவில்லை. கதவை உள்ளறையில் மாட்டினாள். ஆனால் சாக்கு மழையாகுமா? பேச்சு மழையைப் பற்றித்தானே. மழையோ வரவில்லை. வாடியில் மற்ற எல்லோரும் மழை வரக்கூடாதென்று நேர்ந்துகொண்டிருந்தார்கள். அஷ்ரப்பின் வார்னிஷ் காய வேண்டும். "ராத்தா, நீங்க துவா கேக்கிறதை நிப்பாட்டுங்க, என்ட வேலை நாசமாப் போகும்!" என்று அவன் கெஞ்சினான். "நீ கேக்கிறதை நீ கேள், நான் கேக்கிறதை நான் கேக்கிறன். குடுக்கிறவன் பாத்துக் குடுக்கட்டும்," என்றாள் அவள்.

படகை இறக்குவதற்கென்று சேர் வந்துவிட்டார். மறுநாள் காலை இறக்குவதாகப் பேச்சு. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. றம்லா சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கவே இல்லை. பின்னேரம் அசருக்குத் தொழுதுவிட்டு வந்தவள் மூதூர்ப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். அங்கே, விரிகுடாவுக்கு அப்பால், ஒரு கறுப்பு எழும்பியது.

அது வந்து சேர்ந்த வேகத்தைச் சொல்லி முடியாது. தகரத்தில் முதல் துளி விழுந்ததும் வாடியே "தறப்பாள்! தறப்பாள்!" என்று கத்திக்கொண்டு மூடுபாய்களோடு படகின் மேல் ஏறியது. அஷ்ரப் வார்னிஷை மூட ஓடுகிறான், தனஞ்சயன் உள்ளறையின் கூரைத் திறப்பை அடைக்க ஓடுகிறார். றம்லா மட்டும் உள்ளறைக்குள் இறங்கினாள். திருகாணியைக் கழற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வலக்கதவைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"தங்கச்சி, என்ன விசர் வேலை இது? உள்ளுக்கு இருந்தாப் போதும்! வெளி மழை பட வேண்டிய கதவில்லை அது!" தனஞ்சயன் பதறினார்.

"கடலுக்குப் போற படகு அண்ணன். ஒருநாளைக்குத் தண்ணி உள்ளுக்கும் வரும்," என்றாள்.

தறப்பாளுக்கு வெளியே, கொட்டுகிற மழையில், கதவைப் பாய்மரத்தில் சாத்தினாள். பறவையின் முகம் மழைக்கு நேரே. அவளும் பக்கத்தில் நின்றாள். முக்காடு தலையோடு ஒட்டிப்போனது. சேர் குடைக்குக் கீழே நின்று, "போதும் றம்லா, போதும்," என்று பலமுறை சொன்னார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மழை ஓய்ந்த பிறகுதான் கதவை உள்ளே கொண்டுபோனாள். துடைக்கவும் விடவில்லை.

காலை வெயில் வாடிக்குள் நேராக அடித்தது. அஷ்ரப்பின் வார்னிஷ் தப்பிவிட்டது, அவன் அதற்காகவே ஒரு சுற்றுச் சிரித்துத் திரிந்தான். கதவை இரண்டு பெட்டிகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். சேர் வந்து நின்றார். தனஞ்சயன் வந்து நின்றார். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கண்ணை மட்டும் நம்ப முடியாது. றம்லா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். சிறகின் நுனியில் கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து நுனி வரை, இறகு இறகாகத் தேய்த்துப் போனாள். 

நிமிர்ந்தாள். சேரைப் பார்த்து, "நீங்களும் பாருங்க," என்றாள்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெரிய மனிதர் குனிந்து, அவள் செய்ததுபோலவே கன்னத்தைப் பலகையில் வைத்தார். வைத்தவர் உடனே எழும்பவில்லை. எழும்பியபோது தூணில் சாத்தியிருந்த கொழும்புப் பலகையைக் காட்டி, "அதை வான் வண்டியில ஏத்துங்க," என்று மட்டும் சொன்னார். தனஞ்சயன் ஓவென்று சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் றம்லா.

படகு இறங்கும் வேலைக்கு எல்லோரும் ஓடினார்கள். றம்லா கதவைப் பழைய இடத்தில் பூட்டிவிட்டு வெளியே வந்து, தாச்சிக்குப் பக்கத்தில் குந்தினாள். தனஞ்சயன் போகிற போக்கில் அடுத்த படகின் மேசைப் பலகை ஒன்றை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அஷ்ரப் மேலேயிருந்து வழக்கம்போலச் சுருளை நீட்டினான், வழக்கம்போல ஏச்சு வாங்குகிற முகத்தோடு.

"கொண்டா," என்றாள்.

அவன் நம்பாமல் இறங்கி வந்தான். ஒரே ஒரு கச்சானை எடுத்தாள். பலகையிலிருந்து எட்டத் தள்ளிப் போய், கடலோரம் நின்று உடைத்து, அதன் மேல்கோதைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, நிதானமாகச் சப்பித் தின்றாள். பிறகு நேரே குழாயடிக்குப் போனாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கை வரை சவர்க்காரம் போடத் தொடங்கினாள்.